ஸ்டூடண்ட் அனிமேஷன் பிளானிங்லயே சொதப்புதா? அறிகுறியைப் பாத்து சரி பண்ற வழி

அனிமேஷன் படிக்கிற பசங்களோட ஃபைனல் ப்ராஜெக்ட் போர்டு (ஸ்டோரிபோர்டு, கதையை ஷாட் ஷாட்டா பேனல்ங்கிற சின்னப் படங்களா வரைஞ்சு வைக்குறது), அனிமேட்டிக் (அந்தப் படங்களை நேரக் கணக்கோட ஓட்டிப் பாக்குற வீடியோ) எல்லாம் பல வருஷமா பாத்துட்டு வர்றேன். ஆளு மாறுறாங்க, ப்ராஜெக்ட் மாறுது, ஆனா வர்ற கோளாறு என்னவோ ஏழெட்டுக்குள்ளதான் சுத்திச் சுத்தி வருது. ஒரே பதிலை ஒவ்வொருத்தருக்கும் டைப் பண்ணி கை ஓஞ்சுபோச்சு, அதான் மொத்தமா இங்க போட்டு வைக்கிறேன். முழுசா படிக்கணும்னு இல்ல, உங்க படத்துக்கு எந்த அறிகுறி பொருந்துதோ நேரா அங்க போங்க. எல்லாத்துலயும் சுலபமா சரியாகுற காரணம் முதல்ல, முதுகு ஒடிக்கிற காரணம் கடைசில.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். கோளாறு தெரியுற இடம் வேற, அது உக்காந்திருக்குற இடம் வேற. அனிமேட்டிக்ல தெரியுறது போர்டுல இருக்கும், போர்டுல தெரியுறது கதையில இருக்கும். ஒரு தலைப்புல சொன்னதெல்லாம் பண்ணியும் சரியாகலன்னா அதுக்கு முந்தின கட்டத்துக்குப் போய் பாருங்க.

உதாரணத்துக்கு ஒரு குட்டிக் கதை வச்சுக்குவோம்: ரோடு கிராஸ் பண்ற சிக்னல்ல ஒரு சிவப்பு பொம்மை, ஒரு பச்சை பொம்மை. பச்சை நடக்கும், சிவப்பு நிக்கும். சிவப்புக்கு ஒரு நாளாவது நடந்து பாக்கணும்னு ஆசை. இதை வச்சே எல்லாத்தையும் சொல்றேன்.

## அறிகுறி 1: "கதை என்ன?"ன்னு கேட்டா அஞ்சு நிமிஷம் பேசுறீங்க, கேட்டவருக்கு ஒண்ணும் புரியல

கதை இருக்கு, சொல்லத்தான் தெரியலயா? முதல்ல இதைத்தான் பாக்கணும், ஏன்னா இதுக்கு ஒரு பேப்பர் போதும். யாரு, அவங்களுக்கு என்ன வேணும், எது தடுக்குது, கடைசில என்ன மாறுது, இந்த நாலையும் ஒரே வாக்கியத்துல எழுதுங்க. "நடக்க ஆசைப்படுற சிவப்பு பொம்மை ஒரு நாள் சிக்னலை விட்டு எறங்கிடுது, சிவப்பு இல்லாததால ஒரு குழந்தை ரோட்டுல கால் வைக்குது, பொம்மை ஓடிப்போய் குழந்தை முன்னாடி தானாவே நிக்குது." எழுத முடிஞ்சுதா, அதை அப்படியே மனப்பாடம் பண்ணிக்கோங்க, அடுத்த அறிகுறிக்குப் போங்க.

நாலுல ஒண்ணு காலியா இருக்கா? பெரும்பாலும் "என்ன வேணும்" தான் காலியா இருக்கும். "அவன் ஒரு தனிமையான ரோபோ" அப்படின்னு எழுதுவாங்க, அது கதை இல்ல, அது ஒரு நிலைமை. தனிமையான ரோபோ இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள என்ன செய்யணும்னு துடிக்குது? அது கண்ணால பாக்குற மாதிரி ஒரு காரியமா இருக்கணும். "அன்பு வேணும்"னு எழுதுனா வரைய முடியாது, "அந்த கதவு தொறக்கணும்"னு எழுதுனா வரையலாம்.

உலகம் மட்டும் இருக்கு, கதையே இல்லையா? இதுதான் செலவு அதிகம், மனசும் வலிக்கும். ஒரு பொண்ணு நாப்பது பக்கத்துக்கு கேரக்டர் ஷீட், ராஜ்ஜியத்தோட மேப், ஆயுதங்களோட டிசைன் எல்லாம் கொண்டு வந்தாங்க, அத்தனையும் பிரமாதம், ஆனா அந்த ராஜ்ஜியத்துல எதுவுமே நடக்கல. என்ன பண்ணோம்னா மேப்பை ஓரமா வச்சுட்டு அதுல ஒரு மூலையில ஒரு ஆளு, ஒரு மதியம், ஒரு பிரச்சினைன்னு சுருக்குனோம். ரெண்டு நிமிஷப் படத்துக்கு அது போதும். மிச்சம் எங்கயும் போகாது, அடுத்த படத்துக்கு ஆகும்.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: மூணு தடவை மாத்தி எழுதியும், கேட்ட மூணு பேரு மூணு வேற கதையா திருப்பிச் சொன்னா, ஸ்கிரிப்ட் எழுதுற ஒருத்தர்கிட்ட அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கொண்டு போங்க. கேரக்டர் ஷீட்டைக் காட்டாதீங்க, காட்டுனா அவரும் டிசைனைப் பாத்து மயங்கிடுவாரு.

## அறிகுறி 2: சிரிக்க வேண்டிய இடத்துல கம்முனு இருக்காங்க, பயப்பட வேண்டிய இடத்துல சிரிக்கிறாங்க

ஜானர் கோளாறு, அதாவது படம் என்ன வகைன்றதுல குழப்பம். "என் படம் காமெடி ஹாரர் டிராமா சார்"னு ஒருத்தர் சொன்னாலே எனக்கு லேசா தலைவலி ஆரம்பிச்சுடும். மூணும் இருக்கலாம், யாரு முதலாளின்னு மட்டும் தெரியணும்.

முதல் பத்து செகண்டைப் பாருங்க. பாக்குறவங்க ஜானரை முடிவு பண்றது அங்கதான். மியூசிக், கலர், முதல் ஷாட்டோட வேகம் இதெல்லாம் சேர்ந்து "இதைத்தான் தரப்போறேன்"னு வாக்கு கொடுத்துடுது. மெதுவா நகர்ற இருட்டு கேமரால ஆரம்பிச்சுட்டு முப்பதாவது செகண்டுல வாழைப்பழத்தோல்ல வழுக்க வச்சா எவன் சிரிப்பான், இது கனவா பேயான்னு யோசிச்சுட்டு இருப்பான். சரி பண்றது ரொம்ப சுலபம், சின்னதா ஒரு சிரிப்பை முதல் பத்து செகண்டுக்குள்ள வச்சுடுங்க. சிரிக்க அனுமதி கிடைச்சுடும்.

அது சரியா இருக்கா? அப்ப ஷாட் சைஸைப் பாருங்க. ஒரு ஆளு விழுறதை க்ளோஸப்ல காட்டுனா வலிக்குது, வைடுல முழு உடம்பும் தெரிய காட்டுனா சிரிப்பு வருது. பயத்துக்கு ஃப்ரேமுக்கு வெளியே என்ன இருக்குன்னு தெரியாம வைக்கணும், காமெடிக்கு எல்லாம் தெரியணும். நம்ம சிவப்பு பொம்மை காணாமப் போறதை எடுத்துக்கோங்க. வைட் ஷாட்ல அது நைசா விளக்குல இருந்து எறங்கி, பச்சை பொம்மை கூப்பிடக் கூப்பிட ஓடுறது காமெடி. நடுராத்திரி, ஆளில்லாத ரோடு, க்ளோஸப்ல அணைஞ்சு கிடக்குற விளக்கு, பின்னாடி எங்கயோ காலடி சத்தம் மட்டும், அது ஹாரர். ஒரே சம்பவம்தான்.

அதுவும் சரியா? அப்ப உங்களுக்கே என்ன உணர்ச்சி வேணும்னு தெரியல. இதுக்கு நான் தொல்காப்பியத்துல இருக்குற எட்டு மெய்ப்பாட்டைத்தான் (உடம்புல வெளிப்படுற உணர்ச்சி) எடுப்பேன், பரீட்சைக்குப் படிச்சது இப்படி ஒரு நாள் உதவும்னு நினைக்கல. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி). படத்தை பத்து பத்து செகண்டா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் மேல இந்த எட்டுல ஒண்ணை எழுதுங்க. ஒரே கட்டத்துல ரெண்டு எழுதத் தோணுனா அங்கதான் குழப்பம். கடைசி கட்டத்துல எழுதுன உணர்ச்சிதான் உங்க ஜானர், போஸ்டர்ல என்ன போட்டாலும் சரி.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: படத்தை சத்தமில்லாம பாத்தா சரியா வேலை செய்யுது, சத்தம் போட்டா கெட்டுப்போகுதுன்னா சவுண்ட் பண்றவங்க கிட்ட போங்க, போர்டைத் தொடாதீங்க.

## அறிகுறி 3: ஆரம்பம் சூப்பர், முடிவும் இருக்கு, நடுவுல தொங்குது

இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன், ஏன்னா எனக்கு வர்றதுல பாதிக்கு மேல இதுதான்.

முதல் செக்குக்கு காசும் வேணாம் திறமையும் வேணாம். உங்க கதைல நடக்குறதை ஒவ்வொரு சம்பவமா தனித்தனி சீட்டுல எழுதி வரிசையா வைங்க. ரெண்டு சீட்டுக்கு நடுவுல எந்த வார்த்தை பொருந்துதுன்னு சத்தமா சொல்லிப் பாருங்க. "அதனால"வோ "ஆனா"வோ வந்தா நல்லது. "அப்புறம்" மட்டுமே வந்துட்டு இருந்தா அங்க ஓட்டை. பொம்மை எறங்குச்சு, அப்புறம் நாய்க்குட்டியைப் பாத்துச்சு, அப்புறம் பார்க்குக்கு போச்சு, அப்புறம் ஊஞ்சல் ஆடுச்சு. அழகா வரையலாம், ஆனா இதுல எந்த சீட்டை உருவுனாலும் யாருக்கும் தெரியாது. பொம்மை எறங்குச்சு, ஆனா நடக்கத் தெரியல, அதனால போறவங்க காலைப் பாத்துப் பாத்து காப்பி அடிக்குது, அதனால சிக்னலை விட்டு ரொம்ப தூரம் வந்துடுது, ஆனா திரும்பிப் பாத்தா அங்க ஒரு குழந்தை. இப்ப ஒரு சீட்டை உருவிப் பாருங்க, மொத்தமும் சரியும்.

சீட்டு டெஸ்ட் பாஸ் ஆயிருச்சு, இருந்தும் தொங்குதா? அப்ப ஒரே அளவு கஷ்டத்தை மூணு தடவை கொடுத்திருப்பீங்க. கதவு பூட்டியிருக்கு, அடுத்த கதவும் பூட்டியிருக்கு, மூணாவதும் பூட்டியிருக்கு. ரெண்டாவது தடவை முதலை விட மோசமா இருக்கணும், மூணாவது தடவை வேற மாதிரி மோசமா இருக்கணும், முடியலன்னா ரெண்டா குறைங்க. ஷார்ட் ஃபிலிம்ல குறைக்கிறது எப்பவுமே லாபம்தான்.

அதுவும் இல்லன்னா ஹீரோ சும்மா இருக்கானான்னு பாருங்க. எல்லாமே அவனுக்கு நடக்குது, அவன் எதுவும் செய்யல, மழை பெய்யுது நனையுறான், வண்டி வருது ஒதுங்குறான். நடுப்பகுதில அவன் எடுத்த ஒரு தப்பான முடிவு இருக்கணும். பொம்மை எறங்குறது தற்செயலா விளக்கு உடைஞ்சதாலன்னு ஒரு பையன் எழுதியிருந்தாரு, அதை "தானா எறங்குச்சு"ன்னு ஒரு வார்த்தை மாத்துனதும் முடிவுல குற்ற உணர்ச்சி தன்னால வந்துருச்சு. ஒரு பேனல்கூட கூடுதலா வரையல.

கடைசி காரணம், செலவு அதிகமானது: நடுப்பகுதி தொங்கல, முடிவுதான் தப்பு. எங்க போறோம்னு தெரியாததால வழி நீளுது. கனவுல இருந்து முழிச்சு எழுந்திருக்குற முடிவு, திடீர்னு யாரோ வந்து காப்பாத்துற முடிவு, ஆளு செத்துப்போற முடிவு, இந்த மூணுல ஒண்ணு இருந்தா எனக்கு உடனே சந்தேகம் வந்துடும். முதல் ஷாட்டையும் கடைசி ஷாட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்ம கதையில ரெண்டுலயும் பொம்மை நிக்குது, முதல்ல நிக்க வச்சதால நிக்குது, கடைசில அதுவா நிக்குது. அந்த வித்தியாசம் போஸ்லயே தெரியணும். ரெண்டு படமும் ஒரே மாதிரி இருந்தா முடிவை மாத்தி எழுதணும், வேற வழியில்ல.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: சீட்டெல்லாம் சரியா இருக்கு, உங்களுக்கே எது வெட்டணும்னு தெரியுது, ஆனா மனசு வரலன்னா. ஒரு எடிட்டர்கிட்ட குடுத்துட்டு ரூமை விட்டு வெளிய போயிடுங்க.

## அறிகுறி 4: ஸ்டோரிபோர்டு பாக்க நல்லாருக்கு, என்ன நடக்குதுன்னு தெரியல

செக் இதான்: கீழ எழுதியிருக்குற விளக்கத்தை எல்லாம் பேப்பர் வச்சு மறைச்சுட்டு, கதை தெரியாத ஒருத்தரை பேனல் பேனலா சத்தமா சொல்லச் சொல்லுங்க. நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. "இல்ல அது வந்து"ன்னு வாய் வந்துச்சுன்னா அந்த பேனல் நம்பரை குறிச்சுக்கோங்க. எங்க தடுக்குதுன்றதை வச்சு கீழ பிரிச்சுக்கலாம்.

"இது யாரு? கைல என்ன?"ன்னு கேக்குறாங்களா? உருவத்தை முழுக்க கறுப்பா ரொப்பிப் பாருங்க. நிழலா இருந்தும் என்ன பண்றான்னு தெரியணும். உடம்புக்கு முன்னாடியே கையை வச்சிருந்தா தெரியாது, பக்கவாட்டுல கொண்டு வாங்க. இன்னொண்ணு, தலைக்கு மேல சரியா விளக்குக் கம்பம் வந்து ஒட்டி நின்னா கொம்பு முளைச்ச மாதிரி இருக்கும், கோடும் கோடும் தொடாம ஒண்ணு மறைக்கணும் இல்ல விலகணும்.

"இவங்க ரெண்டு பேரும் யாரைப் பாத்து பேசுறாங்க?"ன்னு கேக்குறாங்களா? 180 டிகிரி கோடு தாண்டிட்டீங்க. மேல இருந்து பாக்குற மாதிரி ஒரு சின்ன மேப் போடுங்க, ரெண்டு ஆளையும் இணைச்சு ஒரு கோடு, உங்க கேமரா எல்லாம் கோட்டுக்கு ஒரே பக்கம் இருக்கான்னு பாருங்க. ஒண்ணு அந்தப் பக்கம் போயிருந்தா அந்த பேனலை இடவலமா திருப்புனாலே பல நேரம் சரியாயிடும். கட்டாயம் தாண்டணும்னா நடுவுல கோட்டு மேலயே நேரா வைக்குற ஒரு ஷாட் போடுங்க, இல்லன்னா ஷாட்டுக்குள்ளயே கேமராவோ ஆளோ நகர்ந்து தாண்டட்டும். நடக்குற ஆளுக்கும் இதே கணக்கு: வலது பக்கமா ஃப்ரேமை விட்டு போனவர் அடுத்த ஷாட்ல இடது பக்கமா உள்ள வரணும், வலது பக்கமாவே வந்தா வீட்டுக்கு திரும்பி வர்றாருன்னு அர்த்தம்.

கட் ஆகுற இடத்துல துள்ளுதா? ஒரே ஆளை ஏறக்குறைய ஒரே கோணத்துல ஒரே சைஸ்ல ரெண்டு ஷாட். கேமராவை ஒரு 30 டிகிரியாவது நகர்த்துங்க, சைஸையும் தைரியமா மாத்துங்க.

எல்லாம் புரியுது, ஆனா சப்புனு இருக்கா? எல்லா பேனலையும் சின்னதா ஒரே பக்கத்துல அடுக்கிப் பாருங்க. மொத்தமும் மிட் ஷாட்டா இருக்கும், எல்லாம் கண் மட்டத்துல, எல்லாரும் இடுப்புக்கு மேல. பயமா இருக்குற விஷயம் என்னன்னா இது பெரும்பாலும் கால் வரையத் தெரியாததாலதான் நடக்குது. ஒளிக்காதீங்க, போர்டுல குச்சி மனுஷன் போதும்.

இதெல்லாம் இல்லன்னா, ரொம்ப அழகா வரைஞ்சுட்டீங்க. ஷேடிங் எல்லாம் போட்டு ஒரு பேனலுக்கு ஒரு மணி நேரம் செலவழிச்சவரை அதைக் கிழிக்கச் சொன்னா கிழிப்பாரா? மாட்டாரு. அதான் கோளாறே. ஸ்டோரிபோர்டுன்ற பழக்கம் 1930கள் தொடக்கத்துல டிஸ்னி ஸ்டூடியோல சுவத்துப் பலகையில ஸ்கெட்சுங்களை குத்தி வச்சு வளர்ந்தது, குத்தி வச்சதை பிடுங்கிப் போடலாம், இடம் மாத்தலாம், அதான் அதுல லாபமே. கட்டைவிரல் சைஸ் தம்ப்நெயில், ஒண்ணுக்கு ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல போனா பேனாவை கீழ வைங்க. சாஃப்ட்வேர் மாத்துனா சரியாகும்னும் நினைக்காதீங்க. வரையுற சாஃப்ட்வேர் கிரிதால 5ம் பதிப்புல இருந்து ஸ்டோரிபோர்டு வசதி இருக்கு, 3டி சாஃப்ட்வேர் பிளெண்டர்ல கிரீஸ் பென்சில்னு 2டி வரையுற கருவி இருக்கு, ரெண்டும் இலவசம், ஆனா ரெண்டும் 180 டிகிரி தப்பை கண்டுபிடிச்சு சொல்லாது.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: ஒரே பேனல்ல மூணு பேரு தடுக்கி விழுந்து, நீங்க அஞ்சு விதமா வரைஞ்சும் புரியலன்னா. வேலையில இருக்குற போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர்கிட்ட அந்த சீனை மட்டும் மேப்போட காட்டுங்க. மொத்தப் படத்தையும் கொட்டாதீங்க, அவங்களுக்கும் டெட்லைன் இருக்கு.

## அறிகுறி 5: போர்டு ஓகே, அனிமேட்டிக் ஓட்டுனா கொட்டாவி வருது

முதல்ல, சத்தம் இருக்கா? சத்தமே இல்லாத அனிமேட்டிக் எல்லாருக்கும் கொட்டாவிதான். வசனத்தை ஃபோன்ல நீங்களே பேசி ரெக்கார்ட் பண்ணுங்க, காலடி, கதவு, ஹாரன் எல்லாம் வாயாலயே போடுங்க, வெக்கப்படாதீங்க.

சத்தம் இருக்குன்னா ஒவ்வொரு பேனலும் ஒரே அளவு நேரம் நிக்குதான்னு டைம்லைனைப் பாருங்க. எல்லாத்துக்கும் மூணு செகண்ட்னு இழுத்து விட்டுட்டு வந்திருப்பீங்க, தாலாட்டு மாதிரி ஆயிடும். ஸ்டாப்வாட்ச் வச்சு எழுந்து நின்னு நடிச்சுப் பாருங்க. கதவைத் தொறக்க உண்மையில ஒண்ணரை செகண்ட் போதும், தொறந்தப்புறம் உள்ள இருக்குறதைப் பாத்து உறையுறதுக்குத்தான் மூணு வேணும்.

அடுத்து, டெம்ப் மியூசிக் (தற்காலிகமா போட்டு வைக்குற பாட்டு) ஏமாத்துதான்னு பாருங்க. பிரபலமான சினிமா பாட்டைப் போட்டு ஓட்டுனா எல்லாருக்கும் கண்ணு கலங்குது, பாட்டை எடுத்துட்டா படத்துல ஒண்ணுமில்ல. மியூட்ல ஒரு தடவை பாத்தே ஆகணும். அந்தப் பாட்டையே வச்சு ஃபெஸ்டிவலுக்கு அனுப்பணும்னா இசையமைப்புக்கும் அந்த ரெக்கார்டிங்குக்கும் தனித்தனியா உரிமை வாங்கணும். அங்க நம்ம ஊகம் எல்லாம் வேலைக்கு ஆகாது, உரிமை விவரம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க.

எதுவும் பொருந்தலன்னா கதவைத் தட்ட வேண்டிய இடம் அறிகுறி 3.

## அறிகுறி 6: படம் நல்லாருக்கு, ஆனா முடிக்க முடியாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு குரல்

அந்தக் குரல் சொல்றது பெரும்பாலும் சரி. கணக்குப் போடுங்க. செகண்டுக்கு 24 ஃப்ரேம், ஒரு டிராயிங்கை ரெண்டு ஃப்ரேம் நிறுத்துனா செகண்டுக்கு 12 டிராயிங். ரெண்டு நிமிஷப் படம்னா 120 செகண்ட், அதாவது ஒரு கேரக்டருக்கு 1440 டிராயிங். ஒரு நாளைக்கு ரெண்டு செகண்ட் முடிக்கிற கையா இருந்தா 60 நாள், வாரத்துக்கு அஞ்சு நாள் வேலைன்னா 12 வாரம், இதுல கலர் இல்ல, பேக்ரவுண்ட் இல்ல, காய்ச்சல் வர்ற நாளும் இல்ல. உங்க வேகம் தெரியலன்னா ஊகிக்காதீங்க, ஒரு நடுத்தர ஷாட்டை முழுசா முடிச்சு எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க.

இடிக்குதா? முதல்ல ஹோல்டு பண்ணக் கூடிய (ஒரே டிராயிங்கை அசைக்காம நிறுத்தி வைக்கக் கூடிய) ஷாட்டுங்களைத் தேடுங்க, பொம்மை யோசிக்கிற ஷாட்ல கண்ணு மட்டும் அசைஞ்சா போதும். அடுத்து கூட்டத்தை வெட்டுங்க, இருபது பேரு ரோடு கிராஸ் பண்றதுக்கு பதிலா கால்கள் மட்டும், இல்ல நிழல் மட்டும், இல்ல சத்தம் மட்டும். அடுத்து கேமரா சுத்திச் சுத்தி வர்ற அந்த ஒரு ஷாட், தெரியும் அது உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச ஷாட், 2டில கையால வரையுறதா இருந்தா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் பேக்ரவுண்ட் மாறும், அதை கட்டா மாத்துங்க. இவ்வளவும் பண்ணி மிச்சம் இருந்தா ஒரு சீனையே தூக்கணும். ரிக் பண்ணிக்கலாம்னு (ஒவ்வொரு ஃப்ரேமும் வரையாம, கை கால் அசைக்கக் கூடிய பொம்மையா கேரக்டரைக் கட்டிக்கலாம்னு) கடைசி நேரத்துல முடிவெடுக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை: ரிக் கட்டவும் நாள் ஆகும், அந்த நாளையும் கணக்குல சேருங்க.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: கணக்கு ரெண்டு மடங்குக்கு மேல இடிச்சா உடனே கைடுகிட்ட போங்க, டெட்லைனுக்கு முந்தின வாரம் இல்ல. நீளத்தைக் குறைக்க ஆரம்பத்துல கேட்டா பெரும்பாலும் ஒத்துக்குவாங்க.

## அறிகுறி 7: டீம்ல ஆளுக்கு ஒரு படம் எடுத்துட்டு இருக்கீங்க

இது பெரும்பாலும் ஃபைல் பிரச்சினை, சண்டையா மாறுறதுக்கு முன்னாடி பாத்துடுங்க. "ஃபைனல்", "ஃபைனல்புதுசு", "உண்மையானஃபைனல்"னு மூணு போர்டு சுத்திட்டு இருக்கும். ஒரே ஃபோல்டர், பதிப்பு நம்பர், பழசு தனியா. ஷாட் நம்பரை 010, 020, 030ன்னு பத்து பத்தா போடுங்க, நடுவுல ஒண்ணு சொருகணும்னா 015 இருக்கு, மொத்தத்தையும் மாத்த வேணாம். ஃப்ரேம் அளவும் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க, ஒருத்தர் சதுரமா ஒருத்தர் 16க்கு 9ல போர்டு போட்டு லேஅவுட்ல (போர்டை வச்சு ஷாட்டோட கேமரா, பேக்ரவுண்டை அமைக்கிற கட்டம்) தலை வெட்டுப்பட்டதை எல்லாம் பாத்திருக்கேன்.

ஃபைல் சரியா இருந்தும் ஒத்து வரலன்னா, ஆளாளுக்கு அறிகுறி 1ல சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை தனித்தனியா எழுதச் சொல்லி ஒரே நேரத்துல திருப்பிக் காட்டுங்க. வேற வேற வந்தா பிரச்சினை டீம்ல இல்ல, கதையில, அறிகுறி 1க்குத் திரும்பிப் போங்க.

எல்லாம் ஒத்து வந்து போர்டை பூட்டிட்டீங்கன்னா (இனி மாத்த மாட்டோம்னு முடிவு பண்ணிட்டா), அனிமேஷனை 010ல இருந்து ஆரம்பிக்காதீங்க. முதல் ரெண்டு வாரம் கை இன்னும் பழகியிருக்காது, படத்தோட முதல் ஷாட்டும் கடைசி ஷாட்டும் அந்தக் கைக்கு வேணாம். நடுவுல எங்கயாவது ஒரு சாதாரண நடை ஷாட், 140 மாதிரி ஒண்ணை எடுத்து அதுல ஆரம்பிங்க.